அரசாங்கமே எசமானாகும்போது



அரசாங்க வேலை செய்யும் கூலியாளின் ஊதியத்தை நிர்ணயிப்பது யார்? கொந்திராத்துக்காரரா, சட்டமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எழுந்த ஒரு வழக்கை நாம் இங்கு எடுத்துக் காட்ட விரும்புகின்றோம்.

கன்சாஸ் மாநிலம் 1891ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றிற்று. மாநிலத்துக்கோ அதன் நகரங்களுக்கோ உழைப்போருக்கு எட்டு மணி நேரமே ஒரு நாள் வேலை. அவ்விடத்தில் வழங்கும் நாட்கூலிக்குக் குறைவாகக் கொடுத்தலாகாது. கொந்திராத்துக்காரரும் இதற்குக் கட்டுப்பட்டவரே. நேரத்தை மட்டும் குறைத்தால் கூலியும் உடன் குறையும். கூலியை மட்டும் விதித்தால் வேலைநேரம் நீளும். ஆதலால் இரண்டையும் ஒருங்கே விதித்தனர்.

அட்கின் என்னும் கொந்திராத்துக்காரர் கன்சாஸ் நகரில் வீதிக்குச் செங்கல் பாவும் வேலையை ஏற்றார். மண் அள்ளும் தொழிலாளியிடம் ஒன்றரை டொலருக்குப் பத்து மணி நேரம் வேலை வாங்கினார். தண்டிக்கப்பட்டதும், ஒப்பந்தச் சுதந்திரம் பறிபோயிற்றென்று முறையிட்டார். 1903இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அம்முறையீட்டை நிராகரித்தது. வீதி பொதுமக்களுடையது, மக்களின் தருமகர்த்தாவாகிய அரசு தன் வேலைக்கு நிபந்தனை விதிக்கலாம், அந்நிபந்தனையை மீறிப் பொதுவேலை செய்யும் உரிமை எவருக்குமில்லை என்பதே நீதியரசர் ஹார்லன் எழுதிய தீர்ப்பின் சாரம்.

இதன் அருமையைப் பின்வந்த தீர்ப்புகள் உணர்த்தும். தனியார் வெதுப்பகங்களில் வேலைநேரத்தைக் கட்டுப்படுத்திய நியூயோர்க் சட்டத்தை அதே நீதிமன்றம் 1905இல் தள்ளிற்று. வாஷிங்டன் நகரப் பெண்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் வகுத்த சட்டத்தையும் 1923இல் தள்ளிற்று. 1937இலேதான் அக்கொள்கை கைவிடப்பட்டது. தனியார் முதலாளிக்குக் கேடயமாயிருந்த ஒப்பந்தச் சுதந்திரம், அரசாங்க வேலையில் 1903இலேயே செல்லாக்காசாயிற்று.

இங்கிலாந்தின் பொதுமக்கள் சபையும் 1891இல் நிறைவேற்றிய நியாய ஊதியத் தீர்மானத்தின் மூலம், அரசாங்கக் கொந்திராத்துகளில் வழக்கிலுள்ள கூலி கொடுக்கப்பட வேண்டுமென விதித்தது; 1909இல் அதனை மேலும் வலுப்படுத்தியது.

அன்பர்களே, கேள்விப்பத்திரத்தில் குறைந்த தொகை கோருபவருக்கே வேலை கிடைக்கின்றது. அத்தொகை எங்கே குறைகின்றது? கல்லும் சீமெந்தும் சந்தை விலைக்கே வரும். அடித்தளம் வகுக்கப்படாவிடின் குறைவது மண் சுமப்பவன் கூலியே. அவ்வாறு மிஞ்சும் பணம் மக்களின் சிக்கனமன்று. உழைத்தவனிடமிருந்து நம் பெயரால் பறித்த பொருள். வீதியும் குளக்கட்டும் நம்முடையவை என்போமாயின், அவற்றை அமைப்பவனின் கூலிக்கும் நாமே பொறுப்பாளிகள்.