சாப்பாட்டு மேசையும் மரத்தின் இயல்பும்



வடபுலத்திற் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில், தரையிலமர்ந்து உண்ணும் வழக்கம் மேசைக்கு இடம் விட்டிருக்கிறது. தில்லிக் குளிர்காலத்துத் தரையின் சில்லிப்பை அறிந்தவர்கள் இதற்குக் காரணம் கேட்கமாட்டார்கள். விலை குறைவென்று, கீர்த்தி நகர்ச் சந்தை போன்ற இடங்களில் மெருகிடாத ஷீஷம் அல்லது மாமர மேசையை வாங்கி வருவோரும் நம்மிடையே உண்டு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய அம்மேசை ஒரே மழைக்காலத்தில் வளைந்து வெடிப்பதும், பிள்ளைகள் காலம்வரை நிற்பதும், தொடக்கத்தில் நாம் செய்யும் வேலையையே பொறுத்தன.

அறுத்த பின்னும் மரம் காற்றின் ஈரத்தை உண்டு உமிழ்ந்துகொண்டே இருக்கும். மே, ஜூன் மாதங்களின் அனற்காற்றில் அது சுருங்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் புழுக்கத்தில் விரியும். இம்மாற்றம் நீளவாட்டில் மிகச் சிறிது, குறுக்குவாட்டிலேயே மிகுதி. மேற்புறத்திற்கு மட்டும் மெருகிட்டு அடிப்புறத்தை வெறுமனே விட்டால், இருபுறமும் வெவ்வேறு அளவில் ஈரம் ஏற்றுப் பலகை வளையும். ஆகவே, மேலே எத்தனை பூச்சோ, கீழேயும் அத்தனை பூச்சு வேண்டும்.

முதற்பணி தேய்த்தல். நாம் உப்புத்தாள் என்பதை இங்குள்ள கடைகளில் 'ரேக்மால்' என்று கேட்க வேண்டும். 120, 180, 220 என்னும் எண்களை இவ்வரிசையிலேயே எடுத்து, மரத்தின் ரேகை ஓடும் திசையில் தேய்த்தல் வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் மெருகிட்ட பிறகே கண்ணை உறுத்தும். பின்னர் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டால் மரநார் எழுந்து நிற்கும். அதனைக் கடைசித் தாளால் மெல்லத் தேய்த்துத் தூசி நீக்குக.

இனிப் பூச்சு. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வீட்டிலிருக்கின்றனவே என்று எடுத்துவிடலாகாது. அவை மரத்தினுள் இறுகா. நாளடைவிற் பிசுபிசுத்துச் சிக்கு நாற்றம் தரும். காற்றுப்பட்டு இறுகுவது ஆளிவிதை எண்ணெய், ஹிந்தியில் 'அல்சி'. அதனைத் தடவி, கால்மணி நேரங் கழித்து மிகுதியை முற்றும் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சிடுக.

அரக்கு மெருகு நம் நாட்டுச் செல்வம். ராஞ்சிக்கருகே நாம்குமில் 1924-ஆம் ஆண்டிலேயே அரக்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மரத்திற்குப் பேரழகு தரும். ஆயினும், கொதிக்கும் சாம்பார்ப் பாத்திரத்தை நேரே வைத்தால் வெண்தடம் விழும். நாள்தோறும் உணவு பரிமாறும் மேற்பலகைக்குப் பாலியுரேத்தேன் வார்னிஷே உறுதியானது. தடித்த ஒரு பூச்சினும் மெல்லிய மூன்று பூச்சுக்கள் நன்று; ஒவ்வொன்றும் உலர்ந்தபின் 320 எண் தாளால் இலேசாகத் தேய்த்து அடுத்ததை இடுக.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், இறுகும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகித் தானே தீப்பற்றக்கூடும். அத்துணியை வெளியில் தனித்தனியே விரித்து உலர்த்துக. அன்றேல் நீரில் அமிழ்த்தி வைக்க. அடுக்குமாடிக் குடியிருப்புக்களில் இதில் அசட்டை கூடவே கூடாது.

பூச்சு உலர்ந்தது போலத் தோன்றினாலும் முழுவதும் இறுகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சூடான பாத்திரமும் நனைந்த விரிப்பும் வேண்டா. அதற்குப் பின்னரும், சிந்திய ரசத்தையும் மஞ்சட்கறையையும் உடனே துடைப்பதும், சூடான பாத்திரத்தின் கீழ்ப் பிரிமணை வைப்பதும் நல்வழக்கங்கள்.

உத்தியோக மாற்றத்தில் ஊர் ஊராய்ச் செல்லும் நம் குடும்பங்களுக்கு வீடு மாறும். அண்டை அயல் மாறும். உடன் வரும் பொருள்கள் சிலவே. எல்லோரும் சேர்ந்து உண்ணும் மேசை அவற்றுள் ஒன்றாயிருக்க, விடுமுறை நாட்கள் சிலவற்றின் உழைப்பு மிகையன்று.