சகோதரர் ஆண்ட்ரூவும் டிட்டாகர் தறிகளும்

கொல்கத்தாவின் அறப்பணி என்றதும் அன்னை தெரசாவின் பெயர் முன்னே வந்து நிற்பது முறையே. ஆயினும், அப்பணியின் ஆண்கள் கிளையை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைமையேற்று வளர்த்த சகோதரர் ஆண்ட்ரூவை இந்நகரம் ஏறக்குறைய மறந்துவிட்டது பெருங்குறையே.

1928இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பிறந்த அவரது இயற்பெயர் இயன் டிராவர்ஸ்-பால். கல்விப்பணிக்குப் பெயர்பெற்ற துறவியர் அமைப்பான இயேசு சபையில் சேர்ந்து, 1954இல் இந்தியா வந்த அவர், 1963இல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டில்தான் அன்னை தெரசாவின் துறவற அமைப்பான மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டியின் சகோதரர் சபை தொடங்கப்பட்டது. ஆண் துறவியரின் சபைக்குப் பெண் தலைமை தாங்கத் திருச்சபை விதி இடம் தராததால் அது தலைவரை எதிர்பார்த்திருந்தது; அப்பொறுப்பை ஏற்கவே அவர் இயேசு சபையை விட்டு வந்தார். திருப்பலி நிறைவேற்றும் உரிமையுள்ள குருவாக இருந்தும், உடன் உழைத்தோரைப் போலவே சகோதரர் என்றே அழைக்கப்பட்டார். துறவியாடை வேண்டாம், சட்டையும் காற்சட்டையும் சிறு சிலுவையும் போதும் என்பது கிதர்பூரின் மன்சாதலா சந்தில் குடியேறிய சகோதரர்களின் வழக்கமாயிற்று. ரயில் நிலையச் சிறுவர்களும் வீதியோர நோயாளிகளும் அச்சமின்றி நெருங்க அது பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

அவர்கள் ஆற்றிய பணிகளுள் தனித்துப் பேசத் தக்கது டிட்டாகரின் காந்திஜி பிரேம் நிவாஸ். சணல் ஆலைகள் நிறைந்த அவ்வூரில் ரயில் பாதையை ஒட்டி அமைந்த இந்தத் தொழுநோய் இல்லத்தைப் பின்னாளில் சகோதரர்களே ஏற்று நடத்தினர். தொழுநோய் என்பது நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை மரத்துப்போகச் செய்யும் நோய். மருந்தால் குணமாகும், சிகிச்சை தொடங்கியபின் பிறருக்குப் பரவுவதும் நின்றுவிடும். ஆனால் குணமானவருக்கும் ஊர் வேலை தருவதில்லை. அதனால் அங்கே மருந்தோடு தறியும் வந்தது. விரல் தேய்ந்த கைகள் நூல் சுற்றி, பாவு இழுத்து, நாடாவை ஓட்டி நெய்யும் நீலக்கரை வெள்ளைச் சேலைகளையே மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டியின் அருள்சகோதரிகள் உடுத்துகிறார்கள். பிச்சை இட்டிருந்தால் ஒரு வேளைப் பசி தீர்ந்திருக்கும். தறி கொடுத்ததால் அவர்கள் பிறரை உடுத்துவோர் ஆனார்கள்.

1973இல் போர் நடந்த சைகோனுக்கும், 1975இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கும் பணியை விரித்த ஆண்ட்ரூ, 1987இல் சபையிலிருந்து விலகி, 2000ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் விலகிய பின்னும் சகோதரர்களின் பணி நின்றுவிடவில்லை. இந்நகரத் தமிழர்கள் சியால்தாவில் புறநகர் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் டிட்டாகரை அடையலாம். ஒருமுறையேனும் சென்று அத்தறிகளைக் கண்டு வர வேண்டும்.