பார்பரா ஜோர்டன்: குரலும் தொகுதி எல்லையும்



அமெரிக்கச் சட்டமன்ற வரலாற்றில் கறுப்பினப் பெண்களின் பங்கை ஆராய இங்கே கூடியிருக்கிறோம். தலைமையுரைக்கு நான் எடுத்துக்கொண்டது பார்பரா ஜோர்டனின் வாழ்க்கை.

அவர் பெயரைச் சொன்னதும் 1974 ஜூலை 25தான் பலர் நினைவுக்கு வரும். அன்றைய அமெரிக்க அதிபர் நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணையில், பிரதிநிதிகள் அவையின் நீதிக்குழு உறுப்பினராக அவர் பேசியதைத் தொலைக்காட்சியில் நாடே கேட்டது. அரசியலமைப்பு உருவான 1787இல் தம்மைப் போன்றோர் அதில் சேர்க்கப்படவில்லை என்று நினைவூட்டிய அவர், அதே அரசியலமைப்பின்மேல் தமக்கு முழு நம்பிக்கை உண்டென்றும் அறிவித்தார்.

அந்தக் குரல் அவைக்குள் எப்படி வந்தது? பேச்சுத்திறன் ஒன்றே போதுமென்றால் பத்தாண்டுகளுக்கு முன்பே அவர் வென்றிருக்க வேண்டும். 1936இல் ஹூஸ்டனில் பிறந்து, கல்லூரி விவாத மேடைகளில் பெயர்பெற்று, 1959இல் பாஸ்டனில் சட்டம் முடித்தவர் அவர். ஆயினும் 1962, 1964 ஆகிய இரு தேர்தல்களிலும் டெக்சஸ் கீழவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அன்று ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களித்தது. கறுப்பின மக்கள் எவ்வளவு திரண்டு வாக்களித்தாலும், வெள்ளையர் பெரும்பான்மையில் அது கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

மாநில அவைத் தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்தது. தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டன. 1966இல் ஜோர்டன் மாநில செனட்டுக்கு வென்றார். 1883க்குப் பின் அங்கே அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர். வேட்பாளர் அவரேதான், எல்லைதான் மாறியிருந்தது.

இந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. 1972இல் தென்மாநிலங்களிலிருந்து அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண்ணானார். 1975இல் வாக்குரிமைச் சட்டம் நீட்டிக்கப்பட்டபோது, அதன் பாதுகாப்பு டெக்சஸுக்கும் ஸ்பானிய மொழி பேசும் வாக்காளர்களுக்கும் கிடைக்கப் பாடுபட்டார். சொந்த மாநிலத்துத் தலைவர்களின் எதிர்ப்பு அவரைத் தடுக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1972 தேர்தலுக்கான காங்கிரஸ் தொகுதிகளை வரைந்த மாநில செனட் குழுவில் ஜோர்டனும் இருந்தார். தமக்கென ஒரு தொகுதி அமைய, மாநில செனட்டில் கறுப்பின மக்களுக்கிருந்த இடத்தை விட்டுக்கொடுத்தார் என்று சக கறுப்பினத் தலைவர் ஒருவரே குற்றஞ்சாட்டினார். புகழுரைகள் இதைப் பெரும்பாலும் கடந்து போகின்றன. ஆய்வாளர் அப்படிப் போகலாகாது. எல்லையால் தடுக்கப்பட்டவர் எல்லை வரையும் இடத்துக்கு வந்தபோது என்ன செய்தார் என்பதைச் சான்றுகளோடு எடைபோடுவதே நம் வேலை.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘முதல் கறுப்பினப் பெண்’ என்ற பட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். உரைகளோடு தொகுதி வரைபடங்களையும் குழு நடவடிக்கைக் குறிப்புகளையும் சேர்த்துப் படியுங்கள். 1979இல் பதவியை விட்டு விலகிய ஜோர்டன், 1996இல் மறையும்வரை ஆஸ்டினில் பொதுவாழ்வின் அறநெறியைக் கற்பித்த ஆசிரியர். கேள்வி கேட்கும் மாணவரையே அவரும் விரும்பியிருப்பார். கேள்விகளோடு முதல் அமர்வுக்குச் செல்வோம்.