வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை: சம்பளமும் மிச்சமும்



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இன்று பல்கலைக்கழகப் பட்டம் பெற்று வருகிறார்கள். அப்படிப் பட்டம் பெற்ற மகள் ஒருத்தி ஒரு நாள் கையில் கடிதத்தோடு வீட்டுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். “அம்மா, ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை. மாதம் 230,000 யென் தருகிறார்களாம்” என்கிறாள். அப்பா காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுகிறார். 2024-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் 100 யென்னுக்கு மூன்று வெள்ளிக்குச் சற்றுக் குறைவாகவே கிடைத்தது. அந்த விலையில் பார்த்தாலும் 6,700 வெள்ளிக்கு மேல் வருகிறது. வீட்டில் யாரும் கண்டிராத சம்பளம்! அம்மாவின் கை தானாகவே கழுத்துச் சங்கிலியைத் தொடுகிறது. “விமானச் செலவுக்கு இதை அடகு வைத்தால் போகிறது, இரண்டே மாதத்தில் மீட்டுவிடலாம்” என்கிறார்.

அந்தச் சங்கிலி அடகுக்கடைக்குப் போவதற்கு முன்னால் நாம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவோம். பிள்ளையின் ஆசையைத் தடுப்பது நம் நோக்கமன்று. கடிதத்தில் எழுதியிருக்கும் சம்பளம் வேறு, கையில் மிஞ்சும் பணம் வேறு என்பதைக் கணக்கோடு பார்ப்பதே நம் நோக்கம்.

இந்த வேறுபாட்டை உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பளச் சீட்டின் மேல்வரியில் ஒரு தொகை இருக்கும். அதற்குக் கீழே வரிசையாகப் பிடித்தம் இருக்கும். கடைப் பற்றையும் அடைத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த பணம் எவ்வளவு என்பதுதானே நம் பெரியவர்களின் கணக்கு? ஜப்பானிலும் அதே கணக்குத்தான். பிடித்தங்களின் பெயர்கள் மட்டுமே வேறு.

முதலில் பிடித்தங்களைப் பார்ப்போம். முழுநேர ஊழியரின் சம்பளத்தில் ஓய்வூதியச் சந்தாவாக நூற்றுக்கு 9.15 பிடிக்கிறார்கள். மருத்துவக் காப்புறுதிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து போகிறது. வேலையின்மைக் காப்புறுதிக்கு ஒரு சிறு தொகை உண்டு. பிறகு வருமான வரி. இவையெல்லாம் போக, 230,000 யென் சம்பளக்காரரின் கைக்கு வருவது ஏறத்தாழ 190,000 யென்தான். இத்தோடு முடிவதில்லை. ஜனவரி முதல் தேதியன்று ஜப்பானில் குடியிருப்பவர், முந்தைய ஆண்டு வருமானத்துக்குக் குடியிருப்பு வரி கட்ட வேண்டும். அது ஜூன் மாதத்தில் தொடங்கும். முதல் ஆண்டில் இந்த வரி இல்லாததால் பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டாம் ஆண்டில் சம்பளம் உயராமலே வரி ஏறிவிட்டதே என்று திகைக்கிறார்கள்.

இனிச் செலவு. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. வீட்டு வாடகை 65,000. மின்சாரம், எரிவாயு, தண்ணீர் ஆகியவற்றுக்கு 15,000. வீட்டில் சமைத்துச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்கு 45,000. கைத்தொலைபேசிக்கும் சொந்தப் போக்குவரத்துக்கும் 15,000. உடுப்பு, மருந்து, கைச்செலவு 15,000. மொத்தம் 155,000. கைக்கு வந்த 190,000-இல் இதைக் கழித்தால் மிச்சம் 35,000 யென். சிறிய ஊர்களில் இதைவிடக் குறைந்த வாடகைக்கு வீடு கிடைக்கும். தோக்கியோ நகரின் நடுப்பகுதியில் இந்த வாடகைக்குக் கிடைப்பது கடினம். ஆக, 6,700 வெள்ளி என்று நாம் வியந்த சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பக்கூடியது ஆயிரம் வெள்ளி அளவுதான்.

இதுவும் குடியேறிய பிறகு வரும் கணக்கு. குடியேறுவதற்கே ஒரு பெருந்தொகை வேண்டும். ஜப்பானில் வாடகைக்கு வீடு எடுக்கும்போது முன்பணம் கேட்பார்கள். அதற்கு மேல், வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம் என்று ஒரு தொகை கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இன்றும் இருக்கிறது. முன்பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பி வரலாம். நன்றிப் பணம் திரும்பி வராது. வீட்டுத் தரகருக்குக் கூலி, முதல் மாத வாடகை இரண்டும் வேறு. எல்லாம் சேர்ந்து நான்கு மாத வாடகையைத் தாண்டிவிடுவது உண்டு. 65,000 யென் வாடகை வீட்டுக்கு 260,000 யென்! பல வீடுகளில் அடுப்புகூட இருக்காது. விளக்கையும் நாமே வாங்கி மாட்ட வேண்டும். முதல் சம்பளமோ வேலை செய்த மாதம் முடிந்த பிறகு, சில இடங்களில் அதற்கும் அடுத்த மாதத்தில்தான் வரும். மாதம் 35,000 யென் மிச்சம் பிடிப்பவர், வீடு எடுத்த செலவை மட்டும் ஈடுகட்டவே ஏழு மாதத்துக்கு மேல் ஆகும். சங்கிலியை இரண்டு மாதத்தில் மீட்க முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு மழை நாளின் அருமை தெரியும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் வருமானமும் குறையும். ஆங்கிலம் கற்பிக்கும் வேலையிலும் இப்படி மழை நாள் உண்டு. சில நிறுவனங்கள் வகுப்பில் நின்று பாடம் நடத்தும் மணிக்கு மட்டுமே சம்பளம் கொடுக்கின்றன. பாடம் தயாரிக்கும் நேரத்துக்கும், ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையில் காத்திருக்கும் நேரத்துக்கும் காசில்லை. பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களில் சில, பள்ளி விடுமுறை வரும் மாதங்களில் சம்பளத்தைக் குறைத்துவிடுகின்றன. ஆகவே, “மாதம் எவ்வளவு?” என்று கேட்பதோடு நில்லாமல், “ஆண்டில் எத்தனை மாதம் முழுச் சம்பளம்?” என்றும் கேட்க வேண்டும்.

வீட்டையும் முதலாளியே கொடுத்தால் நல்லதுதானே என்று சிலர் நினைக்கலாம். தோட்டத்து லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதன் இரு பக்கமும் தெரியும். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கில மொழிப்பள்ளி நிறுவனமாக இருந்த நோவா 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் நொடித்துப்போனது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் வராமல் தவித்தார்கள். நிறுவனம் எடுத்துக்கொடுத்த வீடுகளில் பலர் குடியிருந்தார்கள். வாடகையை அவர்கள் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட நிறுவனம், அதை வீட்டுக்காரர்களுக்குக் கட்டாமல் விட்டிருந்தது. ஒழுங்காக வாடகை கொடுத்தவர்களுக்கே வீட்டைக் காலி செய்யும்படி கடிதம் வந்தது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. முதலாளி வீடு கொடுத்தாலும், திரும்பி வருவதற்கான விமானக் கட்டணமும் இரண்டு மாதச் செலவும் பிள்ளையின் சொந்தக் கணக்கில் எப்போதும் இருக்க வேண்டும். அந்தப் பணத்தை ஊருக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றோர் கேட்கக் கூடாது.

நாணய மாற்றையும் மறந்துவிடக் கூடாது. 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 100 யென்னுக்கு நான்கு வெள்ளிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. 2024 நடுவில் அது மூன்று வெள்ளிக்கும் கீழே இறங்கிவிட்டது. முன்பு 35,000 யென் அனுப்பியவரின் வீட்டுக்கு ஏறத்தாழ 1,350 வெள்ளி வந்தது. அதே 35,000 யென் பிறகு ஆயிரம் வெள்ளியாகச் சுருங்கியது. அங்கே பிள்ளையின் உழைப்பு கொஞ்சமும் குறையவில்லை. இங்கே கைக்கு வந்தது குறைந்தது. வெள்ளியில் கடன் வாங்கி யென்னில் அடைக்க நினைப்பவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நல்ல வாய்ப்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஜப்பானிய அரசு 1987-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜெட் திட்டத்தின் வழியாக வெளிநாட்டு இளைஞர்கள் அந்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியருக்குத் துணையாக இருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்தும் பலர் இதில் போயிருக்கிறார்கள். முதல் ஆண்டுச் சம்பளம் முன்பு 3,360,000 யென்னாக இருந்தது. 2025-இல் அது 4,020,000 யென்னாக உயர்ந்தது. மாதத்துக்கு 335,000 யென். போகும் விமானச் சீட்டையும் அவர்களே தருகிறார்கள். நாம் பார்த்த அதே முறையில் பிடித்தமும் செலவும் கழித்தாலும், மாதம் 100,000 யென்னுக்குக் குறையாமல் மிச்சம் பிடிக்க வழியுண்டு. சம்பளத் தொகை ஒன்றரை மடங்குதான் கூடுதல். மிச்சமோ ஏறக்குறைய மூன்று மடங்கு. மிச்சத்தைப் பார்த்து வேலையை எடைபோட வேண்டும் என்பது இதனால்தான்.

ஆனால் எல்லாக் கதவும் எல்லாருக்கும் திறப்பதில்லை. ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் விசாவுக்கு, ஆங்கில வழியில் 12 ஆண்டு படித்திருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டும் படித்த நம் பிள்ளைகளுக்கு இது பெரிய தடை. தனியார் மொழிப்பள்ளிகளுக்கு வேறு வகை விசா. அதற்குப் பட்டம் முக்கியம். தென்கொரியாவில் ஆங்கில உரையாடல் ஆசிரியர் விசா அடிப்படையில் ஏழு நாட்டினருக்கு உரியது. மலேசியாவும் சிங்கப்பூரும் அந்த ஏழில் இல்லை. தாய்லாந்தில் பல பள்ளிகள் ஆசிரியர் எந்த நாட்டவர் என்று பார்த்துச் சம்பளம் பேசுகின்றன; ஒரே வேலைக்கு இரண்டு விலை. இது நியாயமா என்றால் நியாயமில்லைதான். ஆனாலும் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நம் கடமை.

இன்னொரு எச்சரிக்கை. 2022-ஆம் ஆண்டு முதல், நல்ல சம்பள வேலை என்ற ஆசை வார்த்தையை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போன மலேசிய இளைஞர்கள் பலர், மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டுத் துன்பப்பட்டார்கள். “சுற்றுலா விசாவில் போ, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். ஜப்பானில் நீண்ட கால வேலைக்குப் போகிறவருக்கு, அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தகுதிச் சான்று முதலில் வரும். அதைக் காட்டித் தூதரகத்தில் விசா பெற்ற பிறகே புறப்பட வேண்டும். அந்தச் சான்று வருவதற்கு முன்னால் எவருக்கும் பணம் கட்ட வேண்டாம். கடப்பிதழையும் பட்டச் சான்றிதழையும் எவரிடமும் விட்டுவைக்க வேண்டாம்.

போய்வந்தவர்களுக்கும் ஒரு செய்தி. ஜப்பானில் ஆறு மாதமாவது ஓய்வூதியச் சந்தா கட்டிவிட்டு நாடு திரும்பியவர், அதில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டுப் பெறலாம். ஆனால் புறப்பட்ட இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம் பிள்ளை வியர்வை சிந்திய காசு. கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

நேயர்களே, இன்றிரவே ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சம்பளத்தை எழுதுங்கள். அதன் கீழே பிடித்தம், வாடகை, சாப்பாடு, மற்றச் செலவு என்று ஒவ்வொன்றாகக் கழியுங்கள். ஓரத்தில் குடியேறும் செலவைத் தனியாக எழுதுங்கள். மகளையும் மகனையும் பக்கத்தில் உட்காரவைத்தே இதைச் செய்யுங்கள். அங்கே போய்த் தனியாகக் குடும்பம் நடத்தப்போகிறவர்கள் அவர்கள்தாம். கடைசி வரியில் நிற்கும் தொகை கடனை அடைக்கவும் பிள்ளை மரியாதையாக வாழவும் போதுமானதாக இருந்தால், மகிழ்ச்சியோடு வழியனுப்புங்கள். வேற்று நாட்டைக் காணும் அனுபவமும் ஒரு செல்வந்தான். போதாது என்று தெரிந்தால், வேறு நல்ல இடம் வரும்வரை பொறுத்திருங்கள்.

அம்மாவின் சங்கிலி அதுவரை அவர் கழுத்திலேயே இருக்கட்டும்.