விட்டால் மட்டும் போதுமா?

டெக்சாஸின் கால்வெஸ்டனில், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பலரை ஏற்றிச் செல்லும் தூண்டில் படகுகள் உண்டு. அப்படி ஒன்றில் ஒருநாள் போனேன்.

கிடைத்தது ரெட் ஸ்னாப்பர். நம்மூர்ச் சங்கரா வகை. மத்திய அரசின் கடற்பரப்பில் 16 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும். ஆனால் 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் நான்கு மடங்கு. இழுத்ததும் மீனின் காற்றுப்பை உப்பி, இரைப்பையை வாய்வழியே தள்ளிவிடும். அப்படியே எறிந்தால் மூழ்க முடியாமல் மிதந்தே சாகக்கூடும்.

பக்கத்திலிருந்தவர் பிதுங்கியதைக் காற்றுப்பை என்று நினைத்துக் குத்தப் போனார். “அது இரைப்பை, குத்தாதீர்கள்” என்றேன். நர்ஸின் வாய் சும்மா இருக்குமா! படகுக்காரர் எடைகட்டிய கவ்வியில் மாட்டி ஆழத்தில் இறக்கிவிட்டார். இந்தக் கவ்வியோ காற்றெடுக்கும் ஊசியோ படகில் தயாராக இருக்க வேண்டும் என்ற சட்டம், அந்த வளைகுடாவில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

நோயாளியை டிஸ்சார்ஜ் செய்தாலும், வீடு சேரும்வரை எங்களுக்குக் கவலைதான். விட்ட மீனுக்கும் அந்தக் கவலை வேண்டும்.