உலை கொதிக்கிற நேரத்தில் ஒரு பாட்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன் வாங்கி மாடு வாங்கின கதையைப் பேசச் சொன்னால் நான் நன்றாகப் பேசுவேன். ஆனால் தலைவி அக்கா, "நீ பாட்டு எழுதுறியே, அதைப் பத்திச் சொல்லு" என்று சொல்லிவிட்டார். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

எங்க ஆத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் நடவு வயலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறது அதுதான். ஆத்தா ஒரு அடி பாடும், மற்ற பெண்கள் திருப்பிப் பாடுவார்கள். பாட்டின் வேகத்துக்குக் கை ஓடும், இடுப்பு வலி தெரியாது. கூலியைக் குறைத்தால் அதுவும் பாட்டில் வந்துவிடும். நேரில் சொன்னால் சண்டை, பாட்டில் சொன்னால் வரப்பில் நிற்கிற வயக்காரரே சிரிப்பார். முடிக்கும்போது குலவை போடுவோம்.

சாவு வீட்டிலும் ஆத்தாவைத்தான் கூப்பிடுவார்கள். ஒப்பாரி என்பது மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது இல்லை. மெட்டும் சில அடிகளும் பழசு. செத்தவர் பட்ட பாடு, வளர்த்த பிள்ளை, வெட்டின கிணறு எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே கட்டிப் பாட வேண்டும். எழுத்தே தெரியாத பெண்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அதைச் செய்தார்கள். அவர்களை நாம் கவிஞர் என்று சொன்னதே இல்லை.

நான் எழுதப் படிக்கக் கற்றது அறிவொளியில். 1991இல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ராத்திரியில் படித்தேன். பெண்கள் சைக்கிள் பழகினதும் அந்தச் சமயத்தில்தான். ஆத்தா பாட்டையெல்லாம் எழுதி வைக்கணும்னு அப்பவே நினைச்சேன். நினைச்சதோடு சரி. இந்த அறுப்பு முடியட்டும், மூத்தவள் கல்யாணம் முடியட்டும், கடன் அடையட்டும் என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது. இதற்கிடையில் நடவு மிஷின் வந்தது. மிஷினுக்குப் பின்னால் நின்று யார் பாடுவார்கள்?

ஆத்தா இறந்த அன்றைக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து பாட வாயெடுத்தேன். இரண்டு அடி வந்தது. மூன்றாவது அடி வரவில்லை. ஊருக்கெல்லாம் பாடினவளுக்குப் பெத்த மகளால் ஒரு பாட்டு முழுசாகப் பாட முடியவில்லை. கடைசியில் மைக் செட் வைத்து, காசு வாங்கிக்கொண்டு பாடுகிறவர்கள் வந்து பாடினார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, நன்றாகவே பாடினார்கள். ஆனால் அவர்களுக்கு எங்க ஆத்தாவைத் தெரியாதே!

காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலையில், உலை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பால் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில்தான். ஆத்தா பாடினதில் ஒன்பது பாட்டுதான் நினைவுக்கு வந்தது. மற்றது எல்லாம் அதோடு போய்விட்டது. பிறகு ஒருநாள், அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, அன்றைக்கு வராத அடி தானாக வந்தது.

நாத்து முடி கையேந்தி நாளெல்லாம் குனிஞ்சவளே,
காத்துல உன் பாட்டை விட்டேன், கையில நான் பிடிக்கலையே.

அன்றைக்குச் சோறு குழைந்துபோனது. வீட்டுக்காரர், "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றார். கிறுக்குதான் என்று சொல்லிவிட்டேன். அதுக்கப்புறம் தினமும் கால் மணி நேரம் எழுதுகிறேன். எழுத முடியாத நாளில் நூறு நாள் வேலையிடத்தில், மரத்தடியில் சாப்பிடும்போது, வயசான அக்காமாரைப் பாடச் சொல்லிப் பேரனின் செல்போனில் பிடித்துக்கொள்கிறேன்.

நேரம் இல்லை என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் நேரம் இருந்தவர்களா எழுதினார்கள்? வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்று ஒரு அம்மா. பெண் படித்தால் ஆகாது என்றிருந்த காலம். பெரிய குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டே, புத்தகத்தின் ஒரு ஏட்டை அடுப்படியில் ஒளித்து வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். 1876இல் அவர் எழுதின வாழ்க்கை வரலாறு புத்தகமாக வந்தது. நமக்குப் பக்கத்தில் துவரங்குறிச்சி. அந்த ஊர்க் கவிஞர் சல்மாவை வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். கல்யாணமான பிறகு ராத்திரியில் கழிப்பறையில் நின்றுகொண்டு கவிதை எழுதி, தாளை ஒளித்து வைத்தார். அவரே பிறகு பேரூராட்சித் தலைவராகவும் ஆனார். அவர்கள் பட்டதைப் பார்த்தால் எனக்கு அடுப்படியில் பகிரங்கமாக உட்கார்ந்து எழுத முடிகிறது, திட்டு மட்டும்தான்.

இதுல காசு வருமான்னு குழுவில் கேட்டார்கள். வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன். இந்தப் பாட்டைக் காட்டினால் எந்த வங்கியும் கடன் தராது. ஆனால் போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பாட்டி தவறிவிட்டார். நான் போய் உட்கார்ந்து பாடினேன், மூன்றாவது அடி தாண்டியும் வந்தது. அந்தப் பாட்டியின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா இட்லிக் கடை வச்சதைக்கூடப் பாடிட்டியேக்கா" என்று அழுதாள். அதுக்கு என்ன விலை போடுவது?

நம் கூட்டமைப்பில் கோல நோட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். கிழிந்த சேலையில் பை தைப்பவர்கள், கதை சொல்லிப் பிள்ளையைத் தூங்க வைப்பவர்கள் இருக்கிறீர்கள். கேட்டால், "அது சும்மா பொழுதுபோக்கு" என்பீர்கள். சும்மா என்று சொல்லாதீர்கள்.

இரண்டு வேண்டுகோள். குழுக் கூட்டத்தில் சந்தா கட்டி, தீர்மானம் எழுதி முடித்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குவோம், யாராவது ஒருத்தி தன்னிடம் இருப்பதைக் காட்டட்டும். இன்னொன்று, வீட்டில் அம்மாவோ மாமியாரோ இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேலை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேலை என்றைக்கும் முடியாது. எழுத நேரமாகும் என்றால் போனில் பிடித்துக்கொள்ளுங்கள். நான் ஒன்பதோடு நின்றுவிட்டேன். நீங்கள் நிற்க வேண்டாம்.