இலையும் தண்ணீரும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியத்துறைக்குப் போனவர்கள் சார்பில் நாட்டு மருந்துகளைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். அது பெரிய கடல். காயத்துக்குக் கட்டும் பச்சிலைகளோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு எங்கள் வலைப்பந்துத் திடலுக்குத்தான் போகவேண்டும்.

1990களின் தொடக்கத்தில் விடுதியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பொருளாதாரத் தடையால் மருந்தும் சவர்க்காரமும் அருமையாகிப்போன காலம். முழங்காலை உரசிக்கொண்டு வந்தால், திடலோரத்தில் நிற்கும் ஒரு பூண்டைப் பிடுங்கிவரச் சொல்வார் மேற்றன். நீண்ட காம்பின் நுனியில், நடுவே மஞ்சளும் சுற்றிவர வெள்ளையுமாக ஒற்றைப் பூ. வெட்டுக்காயப் பூண்டு. கசக்கிச் சாற்றை விட்டால் சுரீரென்று எரியும். (பூட்டி காலத்துச் செடி என்று நாங்கள் நம்பிய இது, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவியது என்று பின்னர் அறிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.)

எலிகளில் செய்த ஆய்வுகளில் இந்தப் பூண்டு காயம் ஆற உதவியிருக்கிறது. வல்லாரை இன்னும் ஒரு படி மேலே. நாங்கள் சம்பல் போட்டுத் தின்ற அந்த இலையின் சாரம் சேர்ந்த களிம்புகள் பல நாடுகளில் மருந்துக்கடைகளில் விற்கின்றன. தேன் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வந்துவிட்டது. அது காயத்திலுள்ள நீரை இழுக்கும், அமிலத்தன்மை கொண்டது, மெதுவாக ஐதரசன் பேரொட்சைட்டையும் உண்டாக்கும். கிருமிகள் அங்கே பெருகுவது கடினம். ஆனால் அது காமாக் கதிர் பாய்ச்சிக் கிருமியகற்றிய தேன். குசினிப் போத்தலில் இருக்கும் தேன் அல்ல.

ஆகவே பச்சிலையைப் பார்த்துச் சிரிக்க வைத்தியர்களுக்கு உரிமையில்லை. நாங்கள் சிரித்தோம்.

எங்கள் அம்மாவுக்கு நீண்டகாலமாக நீரிழிவு. ஒருநாள் வளவில் கருக்குமட்டை காலைக் கிழித்துவிட்டது. கால் விறைத்திருந்ததால் நோவு தெரியவில்லை. குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துக் கட்டிக்கொண்டு 12 நாட்கள் இருந்திருக்கிறார். ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் பேசினோம். ஒரு சொல் சொல்லவில்லை. விடுமுறைக்குப் போய்ப் படலையைத் திறந்து உள்ளே நுழைந்தபோது மணம் காட்டிக்கொடுத்தது. இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது.

"ஏன் அம்மா சொல்லேல்லை?"

"நீங்கள் எல்லாரும் பேசுவியள் எண்டுதான்."

முன்பொருமுறை அவர் கையில் இலை கட்டியிருந்ததைக் கண்டு, சாணியும் பூசியிருக்கலாமே என்று பகிடி பண்ணியவர்கள் நாங்கள்.

ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருந்த அந்த நாட்களில்தான் மேற்றனைச் சரியாக நினைத்துப் பார்த்தோம். இலைக்கு முதல் அவர் என்ன செய்தார்? கொதித்தாறிய உப்புத் தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றினார். நாங்கள் கத்தக் கத்த, செம்மண் ஒரு துகளும் இல்லையென்று ஆகும்வரை விடமாட்டார். இலையையும் கழுவுவார். மறுநாள் காலை வரிசையில் நிறுத்தி அவிழ்த்துப் பார்ப்பார். சிவந்து வீங்கியிருந்தால் இலையை எறிந்துவிட்டு, கையில் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். எங்கள் நினைவில் தங்கியது இலை மட்டும்.

சிறு உரசலை நன்றாகக் கழுவிவிட்டுக் கழுவிய இலையைக் கட்டுபவரோடு எங்களுக்குச் சண்டையில்லை. ஆணி குத்திய ஆழமான காயம் வேறு. ஏற்புவலிக் கிருமி மண்ணில் இருக்கிறது, இலை அதைத் தடுக்காது, ஏற்பு ஊசிதான் தடுக்கும். தீப்புண்ணுக்கு 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். சுட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் என்றால் பிந்தித் தொடங்கினாலும் பயனுண்டு. பற்பசையும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். நீரிழிவுக்காரரின் காலில் அரிசியளவு புண் என்றாலும் அன்றைக்கே காட்டவேண்டும்.

கடல்கடந்து இருக்கும் தோழிகளே, அம்மாவோடு கதைக்கும்போது முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். எங்கள் அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியைக் காலடிக்குப் பிடிக்கிறார். போன மாதம் குதியில் ஒரு வெடிப்புத் தெரிந்தது.

"என்ன பூசினீங்கள்?"

"வேப்பெண்ணெய்," என்றார், குரலைத் தணித்து.

"கழுவினீங்களோ?"

"கழுவிப்போட்டுத்தான், பிள்ளை. நாளைக்குக் கிளினிக்குக்கும் போறன்."